சூடானால் ஸ்டார்ட் ஆகாத லொறி: பம்புக்குப் பணம் கொடுக்க முன் பார்க்க வேண்டியவை

காலையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் எடுத்துவிடுகிறது. கொழும்புக்குப் போய் புறக்கோட்டையில் சரக்கு ஏற்றிக்கொண்டு, கடுகண்ணாவை ஏற்றத்தையும் குறையில்லாமல் ஏறிவிடுகிறது. மேலே வந்ததும் சாரதி தேநீர் குடிக்க இருபது நிமிடம் நிறுத்துகிறார். அதற்குப் பிறகு எவ்வளவு அடித்தாலும் எஞ்சின் எடுப்பதில்லை. ஒரு மணித்தியாலம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல் மீண்டும் ஸ்டார்ட் ஆகிறது.

லொறி வைத்து வியாபாரம் செய்யும் எம்மவர்கள் பலரிடம் இந்த முறைப்பாட்டைக் கேட்டிருக்கிறேன். கராஜில் இதற்குக் கிடைக்கும் முதல் பதில் பெரும்பாலும் "டீசல் பம்ப் போய்விட்டது" என்பதுதான். சில வேளைகளில் அது உண்மையே. ஆனால் பழுதான ஓர் ஏர்த் வயரினாலும் இதே குறை வரலாம். வயருக்கும் பம்புக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க முன்னர் எதையும் மாற்றக் கூடாது என்பதே இவ்வாரம் நான் சொல்ல வருவது.

நான் மெக்கானிக் அல்லன். லொறி வைத்துச் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு வியாபாரி. ஸ்பேனர் பிடிப்பது பாஸின் வேலை. ஆனால் என்ன பார்க்கப்பட்டது, ஏன் இந்தச் செலவு என்று கேட்பது சொந்தக்காரரின் வேலை. அந்தக் கேள்விகளைக் கேட்பதற்குரிய விளக்கத்தையே இங்கு தருகிறேன்.

இது இன்று ஏன் முக்கியம்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டின் ஆரம்பத்தில்தான் அது பரவலாகத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் எம்மிடமிருந்த பழைய லொறிகளையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். இன்றும் கண்டி, அக்குறணை, மாத்தளை, கம்பளைப் பாதைகளில் சரக்கு இழுப்பவற்றில் இருபது, முப்பது வருடம் பழைய லொறிகள் ஏராளம். தேய்ந்த எஞ்சின்களிடம்தான் இந்தக் குறை அதிகம்.

சூடு என்ன செய்கிறது?

பெற்றோல் எஞ்சினைப் போல் டீசல் எஞ்சினில் தீப்பொறி பிளக் இல்லை. சிலிண்டருக்குள் காற்றைப் பிஸ்டன் பலமாக நெருக்கும்போது அக்காற்றின் வெப்பம் 500 பாகை செல்சியஸைத் தாண்டுகிறது. அந்நேரம் பார்த்து நொசில் டீசலைப் பீய்ச்சுகிறது. டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. எனவே ஸ்டார்ட் ஆவதற்கு மூன்று விடயங்கள் வேண்டும். எஞ்சின் போதிய வேகத்தில் சுழல வேண்டும், காற்று நன்றாக நெருங்க வேண்டும், டீசல் போதிய அளவில் உரிய நேரத்தில் வர வேண்டும்.

சாதாரணமாகப் பார்த்தால் சூடான டீசல் எஞ்சின் குளிர்ந்த எஞ்சினை விட இலகுவாக ஸ்டார்ட் ஆக வேண்டும். குளிர்காலையில் எடுக்காவிட்டால் ஹீட்டர் பிளக், பெட்டரி என்று சந்தேகப்படுகிறோம். சூடான பிறகு மட்டும் எடுக்காவிட்டால், சூட்டினால் மாறும் ஏதோ ஒரு பொருள்தான் காரணம். அப்படி மாறுபவை நான்கு.

முதலாவது டீசல். சூடேறும்போது அது நீர்த்துப் போகும். 40 பாகையில் இருக்கும் தடிப்பு, 80 பாகையில் ஏறத்தாழ அரைவாசியாகிவிடும். இரண்டாவது மின்சாரம். செம்புக் கம்பி 60 பாகை அதிகமாகச் சூடேறினால் அதன் மின்தடை ஏறத்தாழ கால்பங்கு கூடும். ஏற்கனவே பலவீனமான ஸ்டார்ட்டர் மோட்டருக்கும் துருப்பிடித்த வயருக்கும் இது போதும், இழுக்க மாட்டாமல் நின்றுவிடும். மூன்றாவது இறப்பர்க் குழாய்கள். சூட்டில் இளகி, இணைப்புகளில் காற்றை உள்ளே விடும். நான்காவது வால்வுகள். இடைவெளி இறுக்கமாக வைக்கப்பட்டிருந்தால், சூட்டில் நீண்டு சரியாக மூடாமல் நிற்கும். அப்போது காற்று நெருங்காது.

தேநீருக்கு நிறுத்திய பிறகு மட்டும் குறை வருவது ஏன் என்று ஒரு தம்பி கேட்டார். "நானா, ஏற்றத்திலதானே கூடச் சூடு. அங்க ஓடுற லொறி நிப்பாட்டின பிறகு ஏன் எடுக்குதில்ல?" நியாயமான கேள்வி. ஓடும்போது காற்றாடியும் தண்ணீரும் எஞ்சினைக் குளிர்விக்கின்றன. புதிது புதிதாக வரும் டீசலும் பம்பைக் குளிர்விக்கிறது. நிறுத்தியவுடன் இவை அனைத்தும் நின்றுவிடுகின்றன. எஞ்சின் இரும்பிலுள்ள சூடு மட்டும் வெளியே பரவிக்கொண்டே இருக்கும். எனவே நிறுத்திய பத்து நிமிடத்திலிருந்து அரை மணித்தியாலம் வரை பம்பும் ஸ்டார்ட்டரும் ஓடும்போதிருந்ததை விடவும் அதிகமாகச் சூடேறுகின்றன. நிறுத்திய மறுநிமிடம் அடித்தால் எடுக்கும், இருபது நிமிடம் கழித்து எடுக்காது என்பதன் இரகசியம் இதுதான்.

முதல் கேள்வி: எப்படிச் சுழல்கிறது?

குறை வரும் நேரத்தில் சாரதி காதால் கேட்க வேண்டிய முதல் விடயம் இது. காலையில் அடிக்கும்போது வரும் அதே வேகத்தில் எஞ்சின் சுழல்கிறதா? அல்லது "உம்... உம்..." என்று இழுத்து இழுத்துச் சுழல்கிறதா?

இழுத்துச் சுழன்றால் டீசல் பம்பின் பக்கமே போக வேண்டாம். பெட்டரி டேர்மினல், ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த வயர், எஞ்சினுக்கும் சேசிக்கும் இடையிலுள்ள ஏர்த் வயர், கடைசியாக ஸ்டார்ட்டர் மோட்டர் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். சாதாரண வோல்ட் மீற்றர் ஒன்று போதும். ஒரு முனையைப் பெட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். மீற்றர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் வயரிலோ அதன் இணைப்பிலோ குறை இருக்கிறது. அடுத்து பெட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். ஸ்டார்ட் அடிக்கும்போது 24 வோல்ட் லொறியில் 19 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் பெட்டரி பலவீனம், அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது.

அக்குறணையில் மிளகும் கராம்பும் கொள்வனவு செய்யும் நண்பர் ஒருவருக்கு இது நடந்தது. பம்பைக் கழற்ற நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன் ஒரு வயர்வேலை பாஸ் மீற்றரை வைத்துப் பார்த்தார். ஏர்த் வயரின் காது உள்ளுக்குள் பச்சை பிடித்து அரித்திருந்தது. வயரை மாற்றி, இரும்பைச் சுரண்டிப் பூட்டினார்கள். பம்பைத் தொடத் தேவை ஏற்படவில்லை.

இரண்டாவது கேள்வி: புகை வருகிறதா?

நல்ல வேகத்தில் சுழன்றும் எடுக்காவிட்டால், ஒருவர் ஸ்டார்ட் அடிக்க மற்றவர் சைலன்சர் குழாயைப் பார்க்க வேண்டும். வெண்மையான அல்லது சாம்பல் நிறப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் பற்றவில்லை என்று பொருள். டீசல் அளவு குறைவாக இருக்கலாம். நொசில் சரியாகத் தூவாமல் ஒழுக்கலாம். வால்வு இடைவெளியோ பம்ப் டைமிங்கோ பிழைத்திருக்கலாம். இவற்றில் வால்வு இடைவெளி பார்ப்பதுதான் மலிவு. அதை முதலில் செய்யச் சொல்லுங்கள்.

புகையே வராவிட்டால் டீசல் போகவில்லை. அப்போதும் பம்ப் கடைசிச் சந்தேகமாகவே இருக்க வேண்டும். முதலில் டாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போனால் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. பில்டர் எப்போது மாற்றப்பட்டது என்று பாருங்கள். பில்டரின் மேலுள்ள கைப்பம்பை அமுக்குங்கள். இறுகாமல் மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தால் எங்கோ காற்று ஏறுகிறது. பம்புக்குள் போகும் குழாயில் ஒரு துண்டு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் பூட்டினால், காற்றுக் குமிழி வருவதைக் கண்ணாலேயே காணலாம்.

அடுத்தது டீசலைத் திறந்து மூடும் சொலினொயிட். சாவியை ஓன் பண்ணும்போது பம்பில் "டக்" என்ற சத்தம் கேட்க வேண்டும். இதன் உள்ளே இருப்பது ஒரு செம்புக் கம்பிச் சுருள். சூட்டில் அறுந்து, ஆறியபின் ஒட்டிக்கொள்ளும் சுருள்கள் உண்டு. குறை இருக்கும் நேரத்திலேயே அந்தச் சத்தம் கேட்கிறதா, அங்கே மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். காலையில் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

பம்பைச் சோதிக்கும் ஈரத்துணி

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் பம்பின் மீது சந்தேகம். அதற்கும் ஒரு செலவில்லாத சோதனை இருக்கிறது. சிறிய லொறிகளிலும், டொல்பின் என்று நாம் அழைக்கும் பழைய ஹையேஸ் வேன்களிலும் இருப்பது ரோட்டரி பம்ப். எல்ப் லொறிகளில் வரும் 4ஜேபி1 எஞ்சினிலும் இவ்வகைப் பம்ப் உண்டு. எல்லாச் சிலிண்டர்களுக்கும் ஒரே பிளஞ்சர்தான் டீசலை அனுப்புகிறது. அது இருக்கும் பகுதியை ஹெட் என்பார்கள். பிளஞ்சருக்கும் அதன் கூட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்குதான். இந்த இடைவெளி தேய்ந்து அகன்றால், நீர்த்துப்போன சூடான டீசல் நொசிலுக்குப் போகாமல் பக்கத்தால் கசிந்து பம்புக்குள்ளேயே விழுந்துவிடும்.

அப்படியானால் ஓடும்போது மட்டும் எப்படி ஓடுகிறது? பம்ப் எஞ்சினின் அரைவாசி வேகத்திலேயே சுழல்கிறது. ஸ்டார்ட் அடிக்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 150 சுற்று என்றால் பம்ப் 75 சுற்றுத்தான். பிளஞ்சர் மெதுவாக நகர்வதால் கசிவதற்கு நிறைய நேரம் கிடைக்கிறது. எஞ்சின் எடுத்து வேகம் கூடியபின் கசிய நேரமில்லை. அதனால்தான் ஏற்றத்தில் நன்றாக இழுக்கும் லொறி, நிறுத்தியபின் எடுக்க மறுக்கிறது. இறக்கத்தில் உருட்டினால் எடுப்பதற்கும் காரணம் இந்த வேகம்தான்.

சோதனை இவ்வாறு. குறை வந்த நேரத்தில், எஞ்சின் சூடாக இருக்கும்போதே, ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பம்பின் ஹெட்டைச் சுற்றிப் போடுங்கள். நொசில்களுக்குக் குழாய்கள் கிளம்பும் பக்கமே ஹெட். பத்துப் பதினைந்து நிமிடம் துணியை மாற்றி மாற்றி ஈரமாக வைத்திருங்கள். பிறகு அடித்துப் பாருங்கள். எஞ்சின் இன்னும் சூடாக இருக்கும்போதே உடனே எடுத்தால், ஹெட் தேய்ந்துவிட்டது என்பதற்கு அது நல்ல சாட்சி.

மூன்று விடயங்களில் கவனம் வேண்டும். ஒன்று, வாளித் தண்ணீரைச் சூடான பம்பில் ஊற்றக் கூடாது. கூடு திடீரென்று சுருங்கிப் பிளஞ்சரை இறுக்கிவிடலாம். இரண்டு, அந்தச் சொலினொயிட்டும் ஹெட்டிலேயே இருப்பதால் துணி அதையும் குளிர்விக்கும். எனவேதான் சொலினொயிட்டை முதலில் பார்க்கச் சொன்னேன். மூன்று, இன்னொரு நாள் துணி போடாமல் அதே பதினைந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். அப்போதும் எடுத்தால், துணிச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை.

பம்ப் வேலைத்தளத்துக்குக் கொடுக்கும்போது "சூடானால் எடுப்பதில்லை" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அங்கு சோதனை மேசையில் ஊற்றும் எண்ணெய் சுமார் 40, 50 பாகை சூட்டில்தான் இருக்கும். உங்கள் பம்ப் அதை விடச் சூடான இடத்தில் வேலை செய்கிறது. ஸ்டார்ட் வேகத்தில் எவ்வளவு டீசல் தள்ளுகிறது என்ற அளவைத் தனியாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். மாற்றிய பழைய ஹெட்டையும் கேட்டு வாங்குங்கள்.

புதிய வகை எஞ்சின்கள்

கொமன் ரெயில் எஞ்சின்களின் கதை வேறு. டென்சோ நிறுவனம் 1995இல் ஹினோ லொறிகளுக்கு இம்முறையைக் கொண்டுவந்தது. இன்று பெரும்பாலான புதிய லொறிகளில் இதுதான். இங்கு ஸ்டார்ட் ஆவதற்கு ரெயில் குழாயில் சில நூறு பார் அளவு அழுத்தம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் கணினி நொசிலைத் திறக்காது. தேய்ந்த நொசில் ஒன்று சூட்டில் டீசலைத் திருப்பி விட்டாலே அழுத்தம் ஏறாது. ஒவ்வொரு நொசிலின் ரிட்டர்ன் குழாயிலும் ஒரு போத்தலைக் கட்டி, எதில் அதிகம் நிறைகிறது என்று பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

கிராங்க் சென்சரும் சூட்டில் செயலிழந்து ஆறியபின் வேலை செய்வதுண்டு. குறை வந்த நேரத்தில் ஸ்கேனரைப் பூட்டி, அடிக்கும்போது சுற்று வேகம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பூச்சியம் காட்டினால் சென்சரையும் அதன் வயரையும் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. பழைய எஞ்சினில் செய்வது போல் கொமன் ரெயில் எஞ்சினின் குழாய் நட்டை இளக்கிப் பார்க்கக் கூடாது. 1,000 பாரைத் தாண்டும் அழுத்தம் தோலைத் துளைத்து டீசலை உடம்புக்குள் ஏற்றிவிடும். காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

தள்ளிப்போடுவதன் விலை

இக்குறையைத் திருத்தாமல் சமாளிப்பவர்கள் இரண்டு வழிகளைக் கையாள்கிறார்கள். ஒன்று, எஞ்சினை நிறுத்தாமலே சரக்கு இறக்குவது. சும்மா நிற்கும் எஞ்சின் மணிக்கு அரை முதல் ஒரு லீற்றர் வரை டீசல் குடிக்கும். ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

மற்றது இறக்கத்தில் நிறுத்தி, சில்லுக்குக் கட்டை வைத்து, பிறகு உருட்டி எடுப்பது. இது உயிரோடு விளையாடும் வேலை. எஞ்சின் ஓடாத லொறியில் பிரேக்குக்கு உதவும் காற்றோ வெற்றிடமோ விரைவில் தீர்ந்துவிடும். பவர் ஸ்டியரிங் கல்லாக இறுகிவிடும். உருட்டும்போது எஞ்சின் எடுக்காவிட்டால், பாரத்தோடு இறங்கும் லொறியைச் சாரதியால் பிடிக்க முடியாது. கண்டியைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் இறக்கம்தான், இறக்கத்தின் கீழே கடையும் பாடசாலையும் பஸ் தரிப்பிடமும்தான். சாரதி இப்படி நிறுத்துகிறார் என்று தெரிந்தால் அன்றே லொறியைக் கராஜில் விடுங்கள். எஞ்சினுக்குள் ஈதர் ஸ்ப்ரே அடிப்பதும் இதே போன்ற ஆபத்துத்தான். ஹீட்டர் பிளக் சூடாக இருந்தால் வெடித்துப் பிஸ்டனை உடைக்கும்.

பம்ப் விரைவில் தேயாமலிருக்க ஒரே வழி சுத்தமான டீசல். ரோட்டரி பம்புக்குத் தனி எண்ணெய் இல்லை, டீசல்தான் அதன் எண்ணெய். 2022 ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயரும் வரை, விலை வித்தியாசத்துக்காக அதைக் கலந்தவர்கள் இருந்தார்கள். மண்ணெண்ணெய் டீசலை விட நீர்த்தது, வழுவழுப்புக் குறைந்தது. அன்று லீற்றருக்கு மிச்சம் பிடித்ததை இன்று ஹெட்டுக்குக் கொடுக்கிறோம். அதே வருடத் தட்டுப்பாட்டில் பீப்பாய்களில் சேமித்த டீசலில் தண்ணீரும் துருவும் கலந்தன. அக்குறணையில் பிங்கா ஓயா பெருகிப் பாதையில் நீர் ஏறும் நாட்களில் டாங்கிக்குள் தண்ணீர் போவதும் உண்டு. பில்டரின் அடியிலுள்ள வடிகாலைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுவது ஐந்து நிமிட வேலை.

வாங்குபவருக்கும் விற்பவருக்கும்

பழைய லொறி வாங்குவோருக்கு இக்குறை ஒரு பொறி. ஆறிய எஞ்சினில் அது தெரியாது. காலையில் சென்று பார்த்து, ஒரே அடியில் எடுத்ததும் திருப்தியுடன் முற்பணம் கொடுத்துவிடுகிறோம். அப்படிச் செய்யாமல் ஒரு மணித்தியாலம் ஓட்டுங்கள். முடிந்தால் பாரத்தோடு ஓர் ஏற்றம் ஏறுங்கள். பிறகு நிறுத்திவிட்டு இருபது நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். அதன் பின் நீங்களே சாவியைத் திருப்புங்கள். "எஞ்சினை நிறுத்த வேண்டாம், அப்படியே ஓட்டிப் பாருங்கள்" என்று விற்பவர் அவசரப்படுத்தினால் அங்கே ஏதோ இருக்கிறது.

விற்பவராக இருந்தால், குறையைச் சொல்லி அதற்கேற்ப விலையைக் குறைத்து விற்பதே எமக்குக் கற்றுத் தரப்பட்ட வியாபாரம். வாங்குபவரும் எம்மைப் போல் அந்த லொறியை நம்பிக் கடன் வாங்கியவராகத்தான் இருப்பார்.

சாரதியிடம் ஒரு சிறு கொப்பியைக் கொடுத்து வையுங்கள். குறை வந்த நேரம், நிறுத்தி எத்தனை நிமிடம், வேகமாகச் சுழன்றதா இழுத்துச் சுழன்றதா, புகை வந்ததா, என்ன நிறம், எவ்வளவு நேரம் ஆறியபின் எடுத்தது என்று எழுதச் சொல்லுங்கள். ஐந்தாறு தடவை எழுதினால் போதும். அந்தப் பக்கத்தைக் காட்டினால் நல்ல பாஸ் ஒருவர் பாதி வேலை முடிந்துவிட்டது என்பார். காட்டியும் அதைப் பார்க்காமலே பம்பைக் கழற்றச் சொல்பவரிடம் லொறியை விட்டு வராதீர்கள்.